அறுபது நாள் அதிகாரம்!

அறுபது நாள்! குறுவை நெல் விதைத்தவன் அறுத்து வீடு சேர்க்கவும் போதாத காலம். பருத்தி போட்டவன் பூவைப் பார்க்கலாம். பஞ்சைப் பார்க்க முடியாத காலம். அந்த அறுபது நாள்தான், தோழர்களே, 'என் மக்களைக் கொல்லும் இந்த நஞ்சை என் எல்லைக்குள் விற்காதே' என்று சொல்ல ஒரு மாநில அரசுக்குச் சட்டம் அளந்து தந்திருக்கும் தவணை! விசாரணை முடியவில்லை என்றால் இன்னுமொரு முப்பது நாள் நீட்டலாம். ஆக மொத்தம் தொண்ணூறு. தொண்ணூற்றோராம் நாள் காலை கடைக்காரர் கதவைத் திறப்பார். அதே அலமாரி, அதே புட்டி, புட்டியின் மேலே அதே மண்டையோடு!

கற்பனை பேசவில்லை. 2023ஆம் ஆண்டு தமிழக அரசு ஆறு பூச்சி மருந்துகளின் விற்பனைக்குத் தடை போட்டது. மானோகுரோட்டபாஸ், புரொபெனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் ஆகிய நான்கும், சைபர்மெத்ரினோடு கலந்து விற்கும் இரண்டு கலவைகளும் அந்த ஆறு. ஆறிலும் ஓடுவது ஒரே குடும்பத்து நஞ்சு. ஆர்கனோபாஸ்பரஸ் என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். மனமுடைந்த வேளையில் கைக்கெட்டும் இடத்தில் இந்த நஞ்சு இருப்பதால் உயிர்கள் போகின்றன. ஆகவே தடை, என்றது அரசு. நல்ல காரணம், நல்ல தடை. எத்தனை நாளைக்கு? அறுபது நாளைக்கு!

'ஏன் அறுபது? ஒரேயடியாக ஒழித்துக் கட்டினால் என்ன? மனமில்லையா?' என்று கேட்பீர்கள். மனம் இருந்தது, அதிகாரம் இல்லை! 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மாநிலத்தின் கையில் கொடுத்தது அறுபது நாள் கயிறு. எந்த மருந்தைப் பதிவு செய்வது, எதைப் பட்டியலிலிருந்து எடுப்பது என்ற முடிவெல்லாம் டில்லியில். மருந்து தெளிக்கப்படும் காடு இங்கே. மயங்கி விழுபவன் இங்கே. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆஸ்பத்திரி இங்கே, பிணத்தின்மேல் விழுந்து அழும் மனைவி இங்கே. முடிவு மட்டும் டில்லியில்!

இந்த நஞ்சு எப்படிப்பட்டது, எங்கே பிறந்தது, யாரைக் கொல்கிறது என்பதையெல்லாம் நாம் தெரிந்துகொண்டாக வேண்டும். தெரிந்துகொள்ளாதவன் கையில் கோரிக்கை இருந்தும் பயனில்லை. மருந்துப் புட்டி இருந்தாலோ ஆபத்து!

ஜெர்மனி நாட்டில், 1936ஆம் ஆண்டு, கெர்ஹார்டு ஷ்ராடர் என்ற இரசாயன விஞ்ஞானி பூச்சியைக் கொல்ல மருந்து தேடிக்கொண்டிருந்தார். பாஸ்பரஸ் சேர்ந்த கூட்டுப்பொருள்களை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். பூச்சி செத்தது. ஆனால், செய்து பார்த்தவருக்கே கண் மங்கிற்று, மூச்சு முட்டிற்று! அப்படிப் பிறந்ததுதான் டாபுன் என்ற போர்க்கள நச்சு. இரண்டாண்டு கழித்து அதன் தம்பி சாரின் வந்தது. 1995ஆம் ஆண்டு டோக்கியோ நகரத்துச் சுரங்க ரயிலில் கொடியவர்கள் பரப்பி உயிர்களைக் குடித்தார்களே, அதே சாரின்தான். அதே ஷ்ராடர் 1944இல் கண்டது பாரத்தியான். வயலுக்கு வந்த பூச்சி மருந்து. போருக்குப் போனதும் பூச்சிக்கு வந்ததும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், தோழர்களே! வீரியத்தில் ஏற்றத்தாழ்வு உண்டு. வேலை செய்யும் விதத்தில் வேறுபாடு இல்லை.

அது எப்படி வேலை செய்கிறது? நம் உடம்பில் நரம்பு, தசைக்கு ஓலை அனுப்புகிறது: 'சுருங்கு' என்று. அந்த ஓலையைச் சுமந்து செல்லும் தூதனுக்கு அசிட்டைல்கோலின் என்று பெயர். தசை ஓலையைப் படித்துச் சுருங்கியதும், ஓலையைக் கிழித்துப்போட ஒரு காவலன் காத்திருக்கிறான். அவன் பெயர் கோலினெஸ்டிரேஸ். அவன் கிழித்துப்போட்டால்தான் தசை ஓய்வெடுக்கும். அடுத்த ஓலைக்குக் காத்திருக்கும். பாஸ்பரஸ் நஞ்சு உள்ளே புகுந்து செய்வது ஒரே ஒரு காரியம். அந்தக் காவலனின் கையைக் கட்டிப்போடுகிறது! ஓலை கிழிபடுவதில்லை. தூதன் மேல் தூதனாக வந்து குவிகிறான். 'சுருங்கு, சுருங்கு' என்ற ஆணை ஓயாமல் ஒலிக்கிறது.

விளைவு என்ன? கண்ணின் பாவை ஊசிமுனையாய்ச் சிறுக்கிறது. வாயில் எச்சில் ஊற்றெடுக்கிறது. கண்ணீரும் வியர்வையும் பெருகுகின்றன. வாந்தியும் பேதியும் ஓடுகின்றன. தசைகள் தாமாகத் துடிக்கின்றன. நெஞ்சு இறுகுகிறது, நுரையீரலில் சளி நிரம்புகிறது. கடைசியில் மூச்சு விடுகிற தசையே களைத்துக் கைவிடுகிறது. குடித்தால்தான் இப்படி ஆகும் என்று எண்ணிவிடாதீர்கள். தோல் வழியாகப் போகும், மூச்சு வழியாகப் போகும், கண் வழியாகவும் போகும். சட்டை நனைந்தால் போதும், அது உள்ளே போக வழி தேடிக்கொள்ளும்.

இத்தனை கொடிய பொருள் இந்த நாட்டில் முதன்முதலாகப் பெரும்பழி வாங்கியது 1958ஆம் ஆண்டில். கப்பலிலே உணவுப் பண்டம் ஏறிற்று. பக்கத்திலேயே பாரத்தியானும் ஏறிற்று. நஞ்சு கசிந்தது, கோதுமை மாவில் கலந்தது. தின்றவர்கள் கேரளத்திலே நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அன்றைய சென்னை மாநிலத்திலும் உயிர்கள் போயின. பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணைக் கமிஷன் அமர்ந்தது. அதன் பிறகு ஒரு கமிட்டி. அதன் பிறகு ஆலோசனை. சட்டம் பிறந்தது 1968இல். சட்டத்தை நடத்துவதற்கான விதிகள் வந்தது 1971இல். பிணங்களை அடக்கம் செய்தது 1958இல், விதிகளை அச்சடித்தது 1971இல்! இடையே பதின்மூன்று ஆண்டுகள். ஆனால் அந்த இடைவெளியில் மருந்து விற்பனை ஒரு நாளும் காத்திருக்கவில்லை.

சட்டம் வந்த பிறகாவது சாவு நின்றதா? 2013ஆம் ஆண்டு ஜூலை மாதம், பீகாரில் சாரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளியொன்றில், மதிய உணவு தின்ற பிஞ்சுகள் 23 பேர் பிணமானார்கள். உணவு சமைத்த எண்ணெயில் மானோகுரோட்டபாஸ்! நஞ்சிருந்த கலன் சமையற்கட்டு வரை வந்துவிட்டது. பசிக்குச் சோறு போடும் திட்டம், பள்ளிக்கு வந்தால் பாதி வயிறாவது நிறையும் என்று ஏழைத் தாய் நம்பி அனுப்பிய திட்டம். அந்தத் தட்டிலேயே எமன் அமர்ந்திருந்தான்.

நான்காண்டு கழிந்தது. 2017ஆம் ஆண்டு, மராட்டியத்தின் யவத்மாள் மாவட்டம். பருத்தி அவ்வாண்டு ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்து நின்றது. தலைக்கு மேலே பீய்ச்சினான் மருந்தை. பீய்ச்சிய மருந்து பனித்துளியாய் அவன் முகத்திலேயே இறங்கிற்று. பேட்டரியில் ஓடும் தெளிப்பான், துளியை இன்னும் நுண்ணியதாக்கிற்று. ஜூலை தொடங்கி சில மாதங்களுக்குள் இருபதுக்கு மேற்பட்ட உழவரும் கூலிகளும் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தனர். புரொபெனோபாஸ், மானோகுரோட்டபாஸ் என்ற பெயர்கள் அப்போது பத்திரிகைகளில் நாள்தோறும் அடிபட்டன. அதே ஆண்டு, நம் பெரம்பலூர்ப் பக்கத்துப் பருத்திக் காட்டிலும் மருந்தடித்தவர்கள் மாண்டார்கள். யவத்மாள் எங்கே, பெரம்பலூர் எங்கே! மொழி வேறு, மண் வேறு. ஆனால் முதுகில் சுமந்த டேங்க் ஒன்று, உள்ளே இருந்த நஞ்சு ஒன்று, சாவும் ஒன்று!

ஒவ்வொரு முறையும் மேலிடத்திலிருந்து ஒரே பதில்: 'கவனக்குறைவு! கையுறை போட்டானா? முகமூடி கட்டினானா? லேபிளைப் படித்தானா?'

படிக்கட்டும். லேபிளைக் கையிலெடுத்துப் பாருங்கள், தோழர்களே. சாய்சதுரக் கட்டம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப் பாதி முக்கோணத்தில் வண்ணம். சிவப்பு என்றால் கடும் நஞ்சு. மண்டையோடும் குறுக்கெலும்பும் அதன் மேலே இருக்கும். மஞ்சள் என்றால் அதற்கடுத்த நஞ்சு. பிறகு நீலம். பிறகு பச்சை. வண்ணம் இருக்கிறது, வண்ணத்தின் பொருளை வாங்குபவனுக்கு யார் சொன்னார்கள்? பச்சை என்றால் போகலாம் என்று சாலை விளக்கு சொல்லிக் கொடுத்திருக்கிறது. பச்சையிலும் நஞ்சு உண்டு என்று இவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? லேபிளில் எழுத்தும் இருக்கிறது. இந்தியும் ஆங்கிலமும் கட்டாயம். அவற்றோடு வட்டார மொழி ஒன்றோ இரண்டோ வேண்டும் என்பது விதி. உள்ளங்கையளவு காகிதத்தில் அத்தனை மொழிகளும் நெருக்கியடித்து நின்றால் எழுத்து எறும்பாகிவிடாதா? தமிழ்க் காட்டில் தெளிக்கும் மருந்துக்கு, தமிழில் பெரிதாக, முதலாவதாக, உரக்கச் சொன்னால் டில்லிக்கு என்ன குறைந்துவிடும்? மொழிப் பிரச்சினை மேடைப் பிரச்சினை என்று கேலி பேசுவோர் இந்தப் புட்டியைத் திருப்பிப் பார்க்கட்டும். இங்கே மொழி, உயிர்ப் பிரச்சினை!

கையுறை போடவில்லையாம்! சித்திரை, வைகாசி வெயிலில், முதுகில் பதினாறு லிட்டர் டேங்க்கைச் சுமந்துகொண்டு, ரப்பர் கையுறையும் ரப்பர் பூட்சும் தலைமுதல் கால்வரை உடுப்பும் முகமூடியும் அணிந்து ஒரு மணி நேரம் நடந்து பார்க்கட்டும், இந்த அறிவுரையாளர்! நஞ்சு கொல்வதற்கு முன்னே வெப்பம் கொன்றுவிடும். இதை நாம் சொல்வதாக எண்ண வேண்டாம். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் பூச்சிமருந்துக்கென வகுத்திருக்கும் நடத்தை நெறியே இப்படித்தான் சொல்கிறது: எந்த மருந்தைக் கையாள அசௌகரியமான, விலை கூடிய, எளிதில் கிடைக்காத உடுப்பு தேவையோ, அந்த மருந்தை வெப்ப நாட்டுச் சிறு உழவரும் கூலிகளும் கையாளும்படி விடக்கூடாது, தவிர்க்க வேண்டும், என்று. உலகம் ஒப்புக்கொண்ட நெறி அது. 'உடுப்பு போடாதது உன் குற்றம்' என்கிறது நம் நாட்டுப் பேச்சு. 'உடுப்பு போட முடியாதவனிடம் அந்த நஞ்சைக் கொடுத்தது உன் குற்றம்' என்கிறது உலக நெறி. எது நியாயம், நீங்களே சொல்லுங்கள்.

நம் நாட்டு விதிகளையும் பார்த்துவிடுவோம். 1971ஆம் ஆண்டு விதிகளில் அழகான ஏற்பாடுகள் இருக்கின்றன. மருந்து தயாரிக்கும் ஆலையில் வேலை செய்பவனுக்கும், தெளிப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கும் மருத்துவப் பரிசோதனை வேண்டும். பாஸ்பரஸ் மருந்தைக் கையாள்பவனுக்கு மாதம் ஒருமுறையேனும் ரத்தத்தில் கோலினெஸ்டிரேஸ், அந்தக் காவலனின் அளவு, பார்க்கப்பட வேண்டும். பாதுகாப்பு உடுப்பு தரவேண்டும். முறிவு மருந்து கைவசம் வேண்டும். பயிற்சி தரவேண்டும். படிக்கப் படிக்க இனிக்கிறது! இனி, உங்கள் ஊரில் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி மருந்தடிக்கப் போகிறாரே ஒரு தோழர், அவரிடம் கேளுங்கள்: 'அண்ணே, இந்த மாதம் ரத்தம் எடுத்தார்களா?' அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புத்தான், தோழர்களே, ஐம்பது ஆண்டுக்கால விதிகளுக்குக் கிடைத்த மதிப்பெண்!

அவர் ஆலைத் தொழிலாளி அல்ல. சங்கு ஊதி வேலை தொடங்குவதில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. இ.எஸ்.ஐ. அட்டை இல்லை. இன்று ஒருவர் காடு, நாளை இன்னொருவர் காடு. காட்டுக்காரரும் கோடீஸ்வரர் அல்ல. பல இடங்களில் அவரே இரண்டு ஏக்கர் ஆள், கடன்பட்டவர், பூச்சிக்குப் பயந்து கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்தவர். அவர் மீது பாய்ந்து பயனில்லை. நஞ்சைச் செய்தவனும், விற்க அனுமதித்தவனும் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் இருக்க, சுமந்தவனும் சுமக்கச் சொன்னவனும் வரப்பில் நின்று ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொள்வதா? பாட்டாளியையும் பாதி வயிற்று உழவனையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் அந்தப் பழைய வித்தை இங்கே வேண்டாம்.

வழி என்ன? வழியை நமக்கு வெகு அருகிலேயே ஒரு தீவு காட்டிற்று. இலங்கையிலே ஒரு காலத்தில் தற்கொலைச் சாவு உலகத்திலேயே மிக அதிகமான நாடுகளுள் ஒன்றாக இருந்தது. சிங்களவர் வீட்டிலும் தமிழர் வீட்டிலும் ஒப்பாரி. மருந்துப் புட்டிதான் பெரும்பாலும் காரணம். 1995இல் மானோகுரோட்டபாஸ், மெத்தமிடோபாஸ் ஆகிய பாஸ்பரஸ் நஞ்சுகளுக்கு அந்நாடு கதவடைத்தது. லட்சம் பேருக்கு 47 என்றிருந்த தற்கொலை, 2005க்குள் 24 ஆயிற்று. பாதிக்குப் பாதி! மனிதரின் துயரம் பாதியாகிவிட்டதா? இல்லை. போர் நடந்த காலம் அது; துயரம் பெருகிய காலம். கைக்கெட்டிய நஞ்சின் கொடுமை குறைந்தது. ஆத்திரத்தில் ஒரு நொடி தவறியவன் பிழைத்தெழ அவகாசம் கிடைத்தது. அவ்வளவுதான் வேறுபாடு. அந்த அவகாசமே ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் காத்தது.

'விளைச்சல் விழுந்துவிடுமே! உழவன் பிழைப்பு என்னாவது?' என்று மருந்துக் கம்பெனிகளுக்காகப் பரிந்து பேசுவோர் பதறுகிறார்கள். அந்தத் தீவின் கணக்கையே பார்த்துக்கொள்ளலாம். நஞ்சுகள் போனபின் அங்கே விளைச்சல் சரியவில்லை என்பது ஆராய்ந்தவர்கள் கண்ட முடிவு. கொடிய மருந்து போனால் கொடுமை குறைந்த மருந்து வருகிறது. இனக்கவர்ச்சிப் பொறி, வேப்பங்கொட்டைக் கரைசல், பூச்சியைத் தின்னும் பூச்சி என்று வேறு வழிகளும் இருக்கின்றன. பூச்சியை ஒழிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பூச்சியோடு சேர்த்து ஆளையும் ஒழிக்கும் மருந்து வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

டில்லி என்ன செய்தது? 66 மருந்துகளை ஆராய 2013இல் குழு அமைத்தது. 2015இல் அறிக்கை வந்தது. 2018இல் ஆணை வந்தது. மீதைல் பாரத்தியான், டயசினான் உள்ளிட்டவை உடனே நிறுத்தப்பட்டன. போரேட், டிரையசோபாஸ், டைகுளோர்வாஸ் முதலியவற்றுக்கு 2020 டிசம்பர் 31 வரை ஆயுள் நீட்டித்தார்கள். சிறுவர் 23 பேரைக் கொன்ற மானோகுரோட்டபாஸ்? அதைக் காய்கறிக்குத் தெளிக்கக் கூடாது என்று 2005லேயே சொல்லியிருந்தார்கள். கத்தரிக்காய்க்கு ஆகாதாம், பருத்திக்கு ஆகுமாம்! அடிப்பவன் நுரையீரல் இரண்டு காட்டிலும் ஒன்றுதானே? சிறுவர்கள் மாண்டு பத்தாண்டு கழித்து, 2023இல்தான் அதன் 36 சதவிகிதக் கரைசலுக்கு முடிவு கட்டும் ஆணை வந்தது. அப்போதும், கையிருப்பு தீர ஓராண்டு தவணை! இருப்பைத் தீர்க்க, என்றார்கள். யாரிடம் தீர்ப்பது? எங்கே தீர்ப்பது? நம் காட்டில்தானே!

இடையிடையே புதுச் சட்டம் பற்றிய பேச்சும் எழுந்தது. 2008இல் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. 2020இல் இன்னொன்று மாநிலங்களவைக்கு வந்தது, நிலைக்குழுவுக்குப் போனது. மசோதாக்கள் வரட்டும், வாதங்கள் நடக்கட்டும். எந்தச் சட்டம் வந்தாலும் நாம் கேட்கும் கேள்வி ஒன்றே: மாநிலத்தின் கையில் இருக்கப்போவது அதே அறுபது நாள் கயிறா, அல்லது உயிரைக் காக்கும் முழு அதிகாரமா?

உழவு, மாநிலப் பட்டியல். பொது சுகாதாரம், மாநிலப் பட்டியல். ஆஸ்பத்திரி நடத்துவது மாநிலம், பிணப் பரிசோதனை செய்வது மாநிலம். நிவாரணம் தருவதும் மாநிலமே. நஞ்சை நிறுத்துவது மட்டும் மாநிலத்தின் வேலையல்லவாம்! மாநில சுயாட்சி என்று நாம் கேட்கும்போதெல்லாம், 'பதவிப் பசி' என்று பழித்தார்கள். 'பிரிவினை வாடை' என்று மிரட்டினார்கள். இதோ, சுயாட்சி என்றால் என்ன என்று பெரம்பலூர்ப் பருத்திக் காட்டில் வந்து கேட்கட்டும். தன் மக்களைக் கொல்லும் புட்டியைத் தன் கடைவீதியிலிருந்து அறுபத்தோராம் நாளும் அகற்றி வைத்திருக்கும் உரிமைக்குப் பெயர்தான் சுயாட்சி!

அதே நேரத்தில் மாநிலத்துக்கும் ஒரு சொல். கையில் இருக்கும் கயிறு குட்டை என்பதால் அதை எறிந்துவிடக் கூடாது. விற்பனை உரிமம் கொடுப்பது மாநில அதிகாரிகள். கேரளம் 2011ஆம் ஆண்டிலேயே கொடிய மருந்துகள் பலவற்றை நிறுத்த முன்வந்தது. அவர்களால் துணிய முடிந்ததை நம்மாலும் துணிய முடியும். உரிமத்தை இறுக்குங்கள், உரிமமில்லாமல் விற்பவனைப் பிடியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் அட்ரோபின் ஊசிமருந்து தட்டாமல் இருக்கும்படி பாருங்கள். சொந்த அரசானாலும் கேட்பதைக் கேட்டே தீரவேண்டும். கேட்பது கழகத் தோழனின் கடமை.

இனி, தோழர்களே, நாம் செய்ய வேண்டியது. டில்லி திருந்தும் வரையில் நம் ஊர் ஆள் சாகக் காத்திருக்க முடியாது. படிப்பகத்திலே, டீக்கடையிலே, முடிதிருத்தும் நிலையத்திலே இதைப் படித்துக் காட்டுங்கள். எழுத்தறியாத தோழருக்கு வாயால் சொல்லுங்கள்.

மருந்தைக் கையால் கலக்கக் கூடாது. நீண்ட குச்சியால் கலக்க வேண்டும். காற்றுக்கு எதிர்முகமாக நின்று அடிக்கக் கூடாது. காற்று முதுகில் பட நடக்க வேண்டும். உச்சி வெயிலில் அடிக்கக் கூடாது. காலையிலோ மாலையிலோ அடிக்கலாம். கசியும் டேங்க்கை முதுகில் ஏற்றவே கூடாது. நாசில் அடைத்துக்கொண்டால் வாய் வைத்து ஊதுகிறார்களே, அந்தப் பழக்கம் ஒழியவேண்டும். மருந்தடிக்கும் நேரத்தில் பீடியும் வேண்டாம், வெற்றிலையும் வேண்டாம், பொட்டலம் பிரித்துச் சாப்பாடும் வேண்டாம். முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் அணிவதும், கையுறையும் மூக்குமூடியும் கேட்டு வாங்குவதும் கோழைத்தனமல்ல. கூலி பேசும்போதே அவற்றையும் பேசுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும். அதைத் துவைக்கும் மனைவியின் கையும் மனிதக் கைதான்!

காலிப் புட்டியில் எண்ணெய் ஊற்றாதீர்கள், தண்ணீர் பிடிக்காதீர்கள். பீகாரின் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். உடைத்து, ஓட்டையிட்டு, குடியிருப்புக்கும் கிணற்றுக்கும் தொலைவில் புதையுங்கள். மிச்ச மருந்தை அரிசி மூட்டைக்கு அருகே வைக்காதீர்கள், 1958ஐ மறக்காதீர்கள். பூட்டி வையுங்கள், சாவியை ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கும் எட்டக்கூடாது, மனமுடைந்தவருக்கும் எட்டக்கூடாது. மனம் கலங்கியவர் எவராவது உங்கள் தெருவில் இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். அதுவும் கட்சிப் பணிதான்.

மருந்தடித்தவருக்குத் தலை சுற்றி, கண் மங்கி, எச்சில் ஊறி, வாந்தி வந்தால் 'வெயில் மயக்கம்' என்று மோர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். உடனே காட்டைவிட்டுக் காற்றோட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். நனைந்த உடுப்பைக் கழற்றுங்கள். கழற்றுபவர் தம் கையில் பிளாஸ்டிக் பையையாவது சுற்றிக்கொள்ளட்டும். சோப்பும் தண்ணீரும் கொண்டு உடம்பைக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவுங்கள். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதும், சாணிக் கரைசல் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம்; மூச்சுக் குழலில் இறங்கி அதுவே கொன்றுவிடும். நினைவு தப்பினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108க்குச் சொல்லுங்கள். மருந்துப் புட்டியின் லேபிளைக் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டருக்கு அந்தக் காகிதம் பாதி வைத்தியம். அட்ரோபின் உண்டு, பிராலிடாக்சிம் உண்டு. கட்டுண்ட காவலனை விடுவிக்கும் வைத்தியம் இருக்கிறது. நேரம்தான் இருக்காது. நேரத்தைக் காப்பது நம் கையில்!

மாண்டுவிட்டாரா? 'விதி' என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். விவசாயத்திலும் தோட்டத்திலும் பூச்சிமருந்து தெளிப்பவரும் இழப்பீடு பெறத்தக்க தொழிலாளிதான் என்று 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே பின்னாளில் எழுதிச் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் நஞ்சால் வரும் நோயும் தொழில் நோய் என்று அதே சட்டம் ஒப்புக்கொண்டது. உரிமை புதிதல்ல, கேட்பாரில்லாமல் கிடந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டையும் லேபிளையும் பத்திரப்படுத்தி, கிளைக் கழகத்தின் வழக்கறிஞர் தோழரிடம் கொண்டு செல்லுங்கள். இறந்தவரின் பெயர் ஒரு கோப்பிலாவது தொழிலாளி என்று பதியட்டும்.

நெல்லைக் காக்கப் பூச்சி மருந்து என்றார்கள். நெல்லை விளைவித்தவனை யார் காப்பது? புட்டியைச் செய்தவனுக்கு லாபக் கணக்கு இருக்கிறது. அனுமதித்தவனுக்குக் கோப்பு எண் இருக்கிறது. விற்றவனுக்கு ரசீது இருக்கிறது. அடித்தவனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. அவனுக்கு நாம் இருக்கிறோம்! ஆகவே ஊர்தோறும் இந்த ஒரு கோரிக்கையைச் சுவரில் எழுதுங்கள், மேடையில் முழங்குங்கள், மன்றத்தில் தீர்மானமாக்குங்கள்: கொடிய பாஸ்பரஸ் நஞ்சுகளைக் கடையிலிருந்து எடு, எடுக்கும் அதிகாரத்தை மாநிலத்துக்குக் கொடு, அதற்கு அறுபது நாள் என்ற எல்லை போடாதே!